ஒரு நேரம் எடுக்கும், ஒரு நேரம் எடுக்காது

இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நம் நாட்டிலேயே செய்தார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. செய்தார்கள். 1990களின் கடைசியில் சான் மோட்டார்ஸ் கோவாவில் செய்தது. பெயர் சான் ஸ்டார்ம். பைபர்கிளாஸ் உடம்பு, உள்ளே 1149 சி.சி. ரெனோ எஞ்சின். குதிரைத்திறன் 60 வாக்கில்தான். ஆனால் தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் பறக்கும்போது அந்த 60 போதும், தலைகால் புரியாது.

அந்த வண்டியில் ஒன்று புதுச்சேரியில் என்னிடம் இருக்கிறது. அதன் அழகைப் புகழ ஆளுக்குக் குறைச்சலே இல்லை. அது ஸ்டார்ட் ஆகாமல் போனதைப் புகழ நான்தான் வேண்டும். சிரிக்காதீர்கள். பழைய வண்டி வைத்திருப்பவனுக்குக் கிடைக்கும் சந்தோஷங்களில் உச்சம் எதுவென்றால், 'ஒரு நேரம் எடுக்குது, ஒரு நேரம் எடுக்கல' என்ற கோளாறைத் துரத்திப் பிடிப்பதுதான். வேகம், பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

காலையில் சாவியைத் திருப்பினால் உடனே எடுக்கும். காலாப்பட்டு வரை போய்த் திரும்பி, ரோமன் ரோலண்ட் வீதியில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு வந்து திருப்பினால் 'டக்'. அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி ஒரு 'டக்'. அரை மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காத மாதிரி எடுக்கும். கடைக்குக் கொண்டு போனாலோ, மெக்கானிக் முன்னால் மட்டும் அப்படியொரு நல்ல பிள்ளை!

இந்த ஊரில் இன்னொரு வேடிக்கை. வெள்ளை நகரத்துத் தெருக்கள் நூல் பிடித்துப் போட்டவை. நேராக இருக்கும், மட்டமாகவும் இருக்கும். தள்ளிவிட்டு கியர் போட ஒரு சரிவு கிடைக்காது. மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் ஓடிவந்து தள்ளுவார்கள். முனையில் நிற்கும் சிவப்புத் தொப்பிக் காவலர் போக்குவரத்தை ஒரு கையால் நிறுத்தி வழிவிடுவார். எஞ்சின் எடுத்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். செல்ஃப் எடுக்காத வண்டியோடு ஆளுக்கொரு செல்ஃபி வேறு.

யோசனை சொல்ல ஊரில் ஆளா இல்லை? பேட்டரியை மாற்று என்றார்கள். செல்ஃப் மோட்டாரையே மாற்று என்றார்கள். எங்கள் தெருவில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவர் இருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், "கப்தேர் பே-எம்-ஆஷ் பாத்தியா தம்பி? ரெனோன்னா மொதல்ல அதைத்தான் பாக்கணும்" என்றார்.

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. நாம் கிராங்க் சென்சார் என்று சொல்வதைத்தான் பிரான்சில் அப்படிச் சொல்கிறார்கள். கிளட்ச் கூண்டின் மேல், பிளைவீலின் பல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் சின்னச் சாமான் அது. உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள். பிஸ்டன் எப்போது உச்சிக்கு வருகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அது வாயை மூடிக்கொண்டால் பொறியும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. அந்தக் காலத்து க்ளியோ, ட்வின்கோ ஓட்டியவர்களுக்கு இது பாடம்: கனெக்டரில் அழுக்கு ஏறும், கவ்வல் தளரும், வண்டி நினைத்தால் எடுக்கும், நினைத்தால் எடுக்காது. பல பேருக்குக் கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டியதுமே சரியாகியிருக்கிறது.

ஆனால் சென்சார் போனால் செல்ஃப் சுற்றும், எஞ்சின்தான் பற்றாது. என் வண்டியில் செல்ஃபே சுற்றவில்லை. எவ்வளவு பெரிய துப்பு இது! ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். காதைக் கொடுத்துக் கேட்டால் அதற்குள்ளேயே பாதை பிரிகிறது. சுற்றுகிறது, பற்றவில்லை என்றால் சென்சார், பம்ப், ரிலே பக்கம் போக வேண்டும். 1980களின் போர்ஷே 944 வைத்திருப்பவர்கள் டாஷ்போர்டு அறையில் ஒரு உதிரி ரிலேயை எப்போதும் வைத்திருப்பது இதற்காகத்தான். பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் கொடுக்கும் அந்த ரிலேக்குள் ஈயப்பற்று முடியளவு விரிசல் விடும். சூட்டில் பிரியும், ஆறினால் ஒட்டும். சாவியைத் திருப்பியும் சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்சும், செல்ஃப் மோட்டாரை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்சான சோலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயரும் சந்தேகத்துக்குரியவை. 'டக்' என்று ஒரே ஒரு தட்டு என்றால் சோலினாய்டு இழுத்துவிட்டது, கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது. மோட்டாருக்கு வேண்டிய பெரிய கரண்ட்தான் வரவில்லை. அது மோட்டாருக்குள்ளே தடுக்கிறதா, வழியில் தடுக்கிறதா?

இந்த இடத்தில்தான் நெல்லித்தோப்புப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் என் கண்ணைத் திறந்தார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர். கடை என்பது ஒரு ஷட்டரும் ஒரு ஸ்டூலும்தான். நான் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து, "12.6 காட்டுதுண்ணே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு" என்றேன். அவர் மீட்டரின் கருப்பு முள்ளை எடுத்து பேட்டரியின் மைனஸ் முனையில் வைத்தார். கிளாம்ப் மேல் இல்லை, நடுவில் இருக்கும் ஈயக் குமிழின் மேலேயே. சிவப்பு முள்ளை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்து அழுத்தினார்.

"இப்ப திருப்புங்க சார்."

இரண்டு முள்ளும் எர்த் பக்கம்! பூஜ்யம்தானே வரவேண்டும்? செல்ஃப் சுற்றியது, மீட்டர் 0.4 காட்டியது. அவர் உதட்டைப் பிதுக்கினார். "0.2க்கு மேல போகக் கூடாது. எடுக்காதப்ப என்னா காட்டுதுன்னு பாருங்க, அப்ப தெரிஞ்சிடும்."

அடடா, இந்த ஒரு சோதனைக்குக் கோயில் கட்டலாம். வோல்டேஜ் டிராப் என்பார்கள். இதன் அருமை புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் அங்கேயே 1.5 வோல்ட் காலி. அந்த 0.01 ஓமை மீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்து அளக்கவே முடியாது. மீட்டரின் சொந்த ஒயருக்கே அதைவிடப் பல மடங்கு தடை. சும்மா நிற்கும் வண்டியில் வோல்ட் பார்த்தாலும் பயனில்லை. உள்ளே நூறு இழை அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.6 என்றுதான் சொல்லும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் அத்தனை சொற்பம். பாரம் ஏற்றினால்தான் ஒயர் உண்மையைச் சொல்லும். பாரம் ஏற்றும் வேலையை வண்டியின் சொந்த செல்ஃப் மோட்டாரே செய்துவிடுகிறது!

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் பிடித்த பகுதி. வந்து வந்து போகும் கோளாறை, வரும் நேரத்தில் காத்திருந்து அளக்க வேண்டும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் முதலைக் கிளிப்புகளும் நீளமான மெல்லிய ஒயரும் வாங்கினேன். ஒரு ஒயர் பேட்டரிக் குமிழில், இன்னொரு ஒயர் பிளாக்கில். இரண்டையும் கதவிடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து, மீட்டரைப் பக்கத்து இருக்கையில் வைத்து சீட் பெல்ட் போட்டுவிட்டேன். உச்ச அளவைப் பிடித்து வைக்கும் பொத்தான் இருக்கும் மீட்டர் என்றால் இன்னும் வசதி. அப்புறம் என்ன, சுற்றல்தான்! மிஷன் வீதி நெரிசல், காமராஜர் சாலை சிக்னல், முத்தியால்பேட்டை, மறுபடி கடற்கரைப் பக்கம். மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். அதற்குள் ஒரு சுற்று. எடுக்காமல் போகாதா, எடுக்காமல் போகாதா என்று ஏங்கிக்கொண்டு ஒரு மனிதன் சாவியைத் திருப்புவதை நினைத்துப் பாருங்கள்.

பாரதி பூங்கா அருகே கிடைத்தது. 'டக்'. மீட்டரைப் பார்த்தேன்: 6.8.

பன்னிரண்டில் பாதிக்கு மேல் எர்த் ஒயரிலேயே தொலைகிறது! நடுத்தெருவில் நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு கத்தினேன், சந்தோஷத்தில். தள்ள வந்த பையன்கள் பயந்துபோய் ஒதுங்கினார்கள். பேட்டரி நிரபராதி, மோட்டார் நிரபராதி. இனி பாதிப் பாதியாகக் குறுக்கினால் போதும். குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில் ஒன்றுமில்லை. கிளாம்பிலிருந்து அடிச்சட்டம் வரை சுத்தம். சட்டத்திலிருந்து எஞ்சினுக்குப் போகும் குட்டி ஒயரில்தான் மொத்த வோல்ட்டும். மீட்டர் இல்லாமலே இன்னொரு சாட்சியும் கிடைத்தது: அந்த ஒயரின் எஞ்சின் பக்கத்து லக்கை, அதாவது போல்ட் போடும் முனையை, தொட்டால் சுட்டது, அடுத்த முனை குளிர்ந்திருந்தது. வீணான சக்தி எல்லாம் அங்கே சூடாகிக்கொண்டிருந்தது.

வெளியே பார்த்தால் அந்த லக்குக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. போல்ட் இறுக்கமாக இருந்தது. கருப்பு உறையைப் பிளேடால் கீறிப் பிரித்தபோதுதான் சங்கதி தெரிந்தது: செம்பு இழை என்று சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் பச்சைக் களிம்பு. விரலால் நசுக்கினால் மாவாகக் கொட்டியது. நடுவில் நாலைந்து இழைகள் மட்டும் செம்பு நிறத்தில் மிச்சம். குளிர்ந்த நேரத்தில் களிம்புக்குள் எப்படியோ தொட்டுக்கொண்டு கரண்டைக் கடத்தியிருக்கின்றன. எஞ்சின் சூட்டில் அந்தத் தொடுதலும் விட்டுப்போயிருக்கிறது. சோலினாய்டுச் சுருளும் சூட்டில் சும்மா இருக்காது. செம்பின் தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவில் ஏறும். 60 டிகிரி கூடினால் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். வோல்ட் குறைந்த நேரத்தில்தான் அதற்கும் வோல்ட் அதிகம் தேவைப்படுகிறது.

கடலோரத்தில் பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் இது புதிதில்லை. உப்புக் காற்று உறைக்கும் ஒயருக்கும் நடுவில் நுழைந்து, இழை வழியாக உள்ளே ஊறிப்போகும். பைபர்கிளாஸ் வண்டியில் கூடுதலாக ஒரு சிக்கல். இரும்பு உடம்பு என்றால் எந்த மூலையில் போல்ட் போட்டாலும் எர்த் கிடைக்கும். பைபர்கிளாஸ் கரண்ட் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹார்னுக்கும், பம்புக்கும் தனித்தனியாக எர்த் ஒயர் திரும்பி வந்தாக வேண்டும். துருப்பிடிக்காத உடம்பைக் கொடுத்த தெய்வம் அத்தனை முனைகளையும் களிம்பிடம் ஒப்படைத்துவிட்டது.

புது ஒயர் போட்டோம். ஈயம் பூசிய இழை, முன்னதைவிட ஒரு சுற்று தடிமன், லக்கை நசுக்கிப் பூட்டி அதன் மேல் பசையோடு சுருங்கும் உறை. பிளாக்கில் லக் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளியாகும் வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். செலவு சில நூறு ரூபாய். எலக்ட்ரீஷியன் கூலி என்று கேட்டது ஒரு டீ காசு மாதிரிதான் இருந்தது. கூடுதலாகக் கொடுக்கத் திணற வேண்டியிருந்தது.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டுத் திருப்புங்கள். எஞ்சின் பற்றாமல் செல்ஃப் மட்டும் சுற்றும். பத்து நொடிக்கு மேல் விடாதீர்கள். 1912 கேடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் மின்சார செல்ஃபைக் கொண்டுவந்தபோது அவர் பிடித்த சூட்சுமமே அதுதான்: எஞ்சினைச் சுற்றப் பெரிய மோட்டார் தேவையில்லை, சின்ன மோட்டார் சில நொடிகள் அளவுக்கு மீறி உழைத்தால் போதும். நொடிகள் நிமிடமானால் அது வெந்துபோகும். பிளஸ் பக்கத்தையும் இதே மாதிரி பாருங்கள். பேட்டரிக் குமிழில் இருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரைக்கும் 0.5க்குள் இருந்தால் நிம்மதி.

என் வண்டி இப்போது வெயிலில் வெந்தாலும் எடுக்கிறது. எர்த் பக்கம் 0.08! கேட்கிறவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. சொல்தா தாத்தாவுக்கு மட்டும் இன்னும் திருப்தி இல்லை. அவருக்காகவே கிராங்க் சென்சார் கனெக்டரையும் கழற்றித் துடைத்து மாட்டினேன்.

நேற்று மழையில் வைப்பர் பாதி வழியில் நின்றது. வெயில் வந்ததும் அருமையாக ஓடுகிறது. கிளிப்புகளை எடுத்து மாட்டிவிட்டேன். இனி அடுத்த மழை வர வேண்டியதுதான் பாக்கி.