சாலிஸும் ஒரு நொடியும்

மேஜிக் சீட்டாட்டப் போட்டிகளில் தவறிய டிரிகருக்கு, அதாவது தானாக எழும் கார்டு விளைவை அதன் உரிமையாளர் சொல்ல மறப்பதற்கு, வரும் தீர்ப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் பேக்ட் ஆஃப் நெகேஷன் என்ற கார்டுக்குத்தான் போவார்கள். அதை ஆடியவர் தன் அடுத்த முறையின் தொடக்கத்தில், அதாவது அப்கீப்பில், ஐந்து மானா கட்ட மறந்தார், ஆட்டமே போயிற்று என்று. பார்க்கப் பரபரப்புதான், ஆனால் நடுவரின் நுட்பத்துக்கு அங்கே அதிக வேலையில்லை. என் ஓட்டு சாலிஸ் ஆஃப் தி வாய்டுக்கு.

லெகசி வகை ஆட்ட மேசை. சாலிஸின் மேல் கவுண்டரைக் குறிக்க ஒரு பகடை, ஒன்று காட்டியபடி; ஒரு மானா மதிப்புள்ள மந்திரத்தை அது தடுக்கும். எதிரே இருப்பவர் ஒரு மானா கார்டான ப்ரெயின்ஸ்டார்மைப் போடுகிறார். சாலிஸ் அதைத் தடுக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் போடுகிறார். சாலிஸ்காரர் யோசனையில் "ம், சரி" என்று தலையாட்டினால் தீர்ந்தது. மூன்று கார்டுகள் கைக்குப் போய்விடும். பிறகு நடுவரைக் கூப்பிட்டும் பயனில்லை. சாலிஸ்காரருக்கு வார்னிங்கும் கிடையாது, ஏனென்றால் மறந்தது அவருக்கே பாதகமான டிரிகர் அல்ல. பாதகமா என்பதைக் கார்டின் இயல்பை வைத்துத்தான் பார்ப்பார்கள், அந்த நேரத்து ஆட்டநிலையை வைத்து அல்ல.

இப்படித் தெரிந்தே போடுவது சில்லறைத்தனம் என்று பழைய ஆட்கள் சிலர் இன்றும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிராளியின் டிரிகரை ஞாபகப்படுத்தும் கடமை நமக்கில்லை என்ற ஏற்பாடு 2012 வாக்கில் நிலைபெற்றது. கவுண்டர் எத்தனை என்று கேட்டால் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். தன் சாலிஸைத் தான் கவனிக்காதவருக்கு நான் ஏன் காவல் இருக்க வேண்டும்?

ஆனால் இந்த விதியின் அழகு வேறோர் இடத்தில் இருக்கிறது. ப்ரெயின்ஸ்டார்மை மேசையில் வைத்த கையோடு, எதிராளி வாய் திறப்பதற்குள் விறுவிறுவென்று மூன்று கார்டுகளை இழுத்துவிட்டால்? அது செல்லாது. அவசரமாக ஆட்டத்தை நகர்த்தி அடுத்தவரின் டிரிகரைத் தவறவைக்க விதி இடம் தருவதில்லை. ஆகவே நல்ல நடுவர் "மறந்தீர்களா?" என்று தொடங்கமாட்டார். ப்ரெயின்ஸ்டார்மை வைத்த பிறகு யார் என்ன சொன்னார்கள், முதல் கார்டைத் தொட்டது எப்போது, அப்போது சாலிஸ்காரரின் கண் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். சாலிஸ்காரருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு இருந்ததா இல்லையா? அந்த ஒரு நொடியை இருவர் வாயிலிருந்தும் கேட்டு மறுபடி கட்டியெழுப்புகிற விசாரணை, எனக்கு ஆட்டத்தைவிட ருசியானது.

இப்போது அந்த ருசி குறைந்துவருகிறது. மேஜிக்கின் கணினிப் பதிப்பான அரீனாவில் பழகி வருபவர்களுக்கு டிரிகரைச் செயலியே எடுத்துப் போட்டுவிடுகிறது. அப்கீப்பை மறக்காமலிருக்க லைப்ரரி எனும் சீட்டுக்கட்டின் மேல் பகடை வைக்கும் பழக்கமே அவர்களில் பலருக்கு இல்லை. தவறவிட்டதும் "அதுவாக நடக்காதா?" என்று நடுவரையே கேட்கிறார்கள். நடுவர்களிலும் சிலர் விசாரிக்கச் சோம்பி, ஒருவர் சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லி அடுத்த மேசைக்கு நடையைக் கட்டுகிறார்கள்.