இருட்டில் ஒரு விடுகதை

மாயாஜாலக் கதை என்றால் கண்ணுக்கு விருந்து, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று சொல்கிற ரசிகர்கள் உண்டு. டோல்கீனின் 'ஹாபிட்' நாவலைப் பதினெட்டு வயதில் படித்தபோது, ஆசிரியரே வரைந்த தேசப்படத்தில் விரலை ஓட்டிக்கொண்டு பில்போவோடு நானும் நடந்தேன். பார்வை போய் ஆறு வருஷம் கழித்து, சென்ற மாதம் அதையே ஒலிப்பதிவில் கேட்டேன். கதை குறையவில்லை, அதில் நான் நிற்கும் இடம்தான் மாறியிருந்தது.

1937-ல் வந்த இந்நாவலின் உயிர் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மலையடிச் சுரங்கத்தில் வழி தவறித் தவழும் பில்போவின் கையில் ஒரு மோதிரம் தட்டுப்படுகிறது. பெரிய திருப்பத்தைக் கண்டுபிடிப்பது கண் அல்ல, கை. பிறகு ஏரிக்கரையில் கோல்லம் வருகிறான். தொண்டையில் எழும் விழுங்கும் சத்தமே அவன் பெயர். இருவரும் உயிரைப் பணயம் வைத்து விடுகதை போடுகிறார்கள். பில்போவின் விடுகதைகளில் வெயிலும் பூவும் முட்டையும்; கோல்லத்தினுடையவற்றில் காற்றும் இருட்டும் மீனும் காலமும். இருவருடைய ஜீவிதமும் அந்த விடைகளிலேயே வந்துவிடுகிறது. 1952-ல் டோல்கீன் தம் குரலிலேயே இந்தப் பகுதியை வாசித்துப் பதிவு செய்தார். 1975-ல் அது இசைத்தட்டாக வெளிவந்தது.

காதில் விழும் குறையும் உண்டு. பதின்மூன்று குள்ளர்களின் பெயர்களில் சந்தம் இனிக்கிறது, ஆள் பிடிபடுவதில்லை. தோரின், பாலின், பருமனான பாம்பர் தவிர மற்றவர்கள் வெறும் பெயர்களே.

முதற் பதிப்பில் கோல்லம் தோல்வியை ஒப்புக்கொண்டு வழி காட்டி அனுப்பிவிடுகிறான். 1951-ல் டோல்கீன் அதை மாற்றி எழுதினார். மோதிரத்தால் கண்ணுக்குத் தெரியாத பில்போ கத்தியோடு நிற்கிறான். வழியை மறித்துக் குந்தியிருக்கும் கோல்லம் காதாலும் மூக்காலும் அவனைத் தேடுகிறான். ஒரே குத்தில் முடித்துவிடலாம். பில்போவுக்கு இரக்கம் பிறக்கிறது. அவனைத் தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறான்.

அன்று பில்போ தப்பினானா என்று பதைத்தேன். இன்று நான் கோல்லத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஊரில் எல்லோருமே மோதிரம் போட்டவர்கள்தாம். எதிரே யாரோ மூச்சு விடுகிறார். கையில் என்ன வைத்திருக்கிறார், தெரியாது. இடிக்காமல் ஒதுங்குவது அவர் மனசைப் பொறுத்தது. பார்க்கப்படாதவனுக்கு எத்தனை பலம் என்பதும், அதை அவன் பிரயோகிக்காமல் விடுவது எத்தனை பெரிய காரியம் என்பதும் எனக்குத் தினசரி விஷயங்கள்.

1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாக வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முழுவதும் அந்த ஒரு தாண்டலின் மேல் நிற்கிறது. கோல்லம் அன்று பிழைத்திருக்காவிட்டால் கடைசியில் மோதிரம் அழிந்திருக்காது. டிராகனும் பொற்குவியலும் கண்ணோடு போனால் போகட்டும். சாட்சியில்லாத இருட்டில் ஒருவன் காட்டிய கருணையைக் கேட்க ஒரு ஜோடிக் காது போதும்.