மூன்றாம் முறை சொல்லப்பட்ட கதை

ஒரு புதினம் திரைப்படமாகும்போது எது கூடுகிறது, எது குறைகிறது என்னும் வினாவை எழுப்புவோர், ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று.

1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையே இதன் வித்து. மழையில் பேருந்துக்காகக் காத்து நின்ற கல்லூரி மாணவி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறி, அவன் ஆசைக்கு இரையாகி வீடு திரும்புகிறாள். தாயோ அவள் தலையில் நீரை ஊற்றி, மாசு நீங்கியதென்று மகளை ஏற்றுக்கொள்கிறாள். கண்டனங்கள் எழுந்தன. ஆசிரியர் அளித்த மறுமொழி கட்டுரையன்று, ஒரு புதினம்! அதில் தாய் அலறிவிடுகிறாள், செய்தி பரவுகிறது, அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், தன் கதையையே வேறொரு முடிவுடன் பத்திரிகையில் படிக்கிறாள் கங்கா. 1972இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது இப்புதினம்.

திரைக்கதையையும் ஜெயகாந்தனே எழுதினார், இயக்கியவர் அ. பீம்சிங். 1961இல் ‘பாசமலர்’ தந்து, அண்ணன் தங்கை பாசத்தால் தமிழகத்தையே அழவைத்த அதே பீம்சிங், தங்கையைத் தெருவில் நிறுத்தும் அண்ணனைப் படம் பிடித்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

புதினத்தின் உயிர் கங்காவின் மனவோட்டம். பிறரைப் பார்த்து அவள் நகைப்பதும், தன்னையே கடிந்துகொள்வதும், தாயை மன்னிக்க மறுப்பதும் அவள் சொற்களிலேயே நம்மை வந்தடைகின்றன. திரை மனத்தைக் காட்டவியலாது, முகத்தைத்தான் காட்டும். அம்முகத்தை லட்சுமி தந்தார். 1976ஆம் ஆண்டுப் படங்களுக்கான சிறந்த நடிகை என்னும் தேசிய விருது அவருக்குக் கிடைத்ததில் வியப்பில்லை. எனினும், தம் சொற்களை வெட்ட மனம் வராத எழுத்தாளரையும் படத்தில் காண்கிறோம். முகமே சொல்லிவிட்டதை உரையாடல் மீண்டும் சொல்கிறது. வேறொருவர் திரைக்கதை எழுதியிருப்பின் இக்குறை நேர்ந்திராது. ஆனால் கங்காவுக்கு ஒரு திருமணத்தைச் செய்துவைத்து அவையோரை மகிழ்வித்திருக்கவும் கூடும். அந்த இழப்போடு ஒப்பிட்டால் மிகைப்பேச்சைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எழுத்தாளர் ஆர்.கே.வி.யாக நாகேஷ் வருகிறார். அவரைக் கண்டதுமே சிரிக்கப் பழகிய நம் மக்கள் முன் இது துணிவான தேர்வே.

எனக்குள்ள பெரிய மனக்குறை பிரபுவைப் பற்றியது. புதினத்தில் அவனைக் கங்காவின் கண்வழியே காண்கிறோம். ஆதலால் அவன்மீது இரக்கம் கொள்ளலாமா என்று அவளோடு சேர்ந்து நாமும் தயங்குகிறோம். திரையிலோ ஸ்ரீகாந்த் நேரே நம்முன் நிற்கிறார். தவறு செய்துவிட்டுத் தளர்ந்துபோன அந்த மனிதனிடம், கங்கா இரங்குமுன்பே நாம் இரங்கிவிடுகிறோம். சிறுகதையையும் புதினத்தையும் வகுப்பில் ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவர்கள், படத்தையும் உடன்வைத்து, அந்த இரக்கம் எந்தக் காட்சியில் தொடங்குகிறது என்று தேடிப் பார்க்கலாம்.