கழுத்தைச் சுற்றிக் கட்டிய பிரசாரம்

மேடைப் பேச்சையும் நான் பாட்டைப் படிப்பதுபோலத்தான் படிக்கிறேன். யாரை விளிக்கிறார்கள், யாரைப் படர்க்கையில் தள்ளுகிறார்கள் என்று பார்ப்பது வகுப்பறையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். 2024 ஏப்ரல் 21 அன்று ராஜஸ்தானின் பான்ஸ்வாடாவில் பிரதமர் மோடி பேசியதை இப்படித்தான் மறுபடி மறுபடி படித்தேன்.

காங்கிரஸ் வந்தால் தாய்மார்கள், சகோதரிகளிடம் உள்ள தங்கத்தைக் கணக்கெடுக்கும், அதிகப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் ஊடுருவல்காரர்களுக்கும் பங்கிட்டுவிடும், மங்களசூத்திரத்தைக்கூட விட்டுவைக்காது என்றார். அந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையில் எவர் கழுத்து நகையைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. சாதிவாரிக் கணக்கெடுப்பு இருந்தது. எவரிடம் எவ்வளவு இருக்கிறது, ஏன் அவரிடம் மட்டும் இருக்கிறது என்று கேட்கிற கணக்கு அது. பதில் வந்தால் இந்துக்கள் என்ற ஒற்றைத் திரள் சாதிசாதியாகப் பிரிந்து தெரியும். அதைத் தடுக்க ஒரு பொதுப்பொருள் வேண்டும். எல்லாச் சாதிக்காரியின் கழுத்திலும் இருப்பதாகச் சொல்லத்தக்க ஒன்று. சாதிக் கேள்வி ஒரே மூச்சில் மதக் கேள்வியாகிவிட்டது. சாமர்த்தியமான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் பேச்சில் முஸ்லிம் பெண் எங்கே? 2019இல் முத்தலாக் தடைச் சட்டம் வந்தபோது அவளும் சகோதரி. ஐந்தே ஆண்டில் உறவுமுறை போய், ‘அதிகப் பிள்ளைகள்’ என்ற எண்ணிக்கையாக மிஞ்சினாள். அவளுக்கும் நகை இருக்கும், அதுவும் வட்டிக்கடைக்குப் போயிருக்கும் என்ற நினைப்புக்கு அங்கே இடமில்லை. நம் ஊரில் தாலி வீட்டைவிட்டுப் போகும் வழி எல்லாருக்கும் தெரியும். பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி, புருஷனின் கடன்.

எதிர்த்தரப்பு இதையாவது உடைத்திருக்கலாம். இரண்டு நாள் கழித்துப் பெங்களூருவில் பிரியங்கா காந்தி, தன் தாயின் மங்களசூத்திரம் இந்த நாட்டுக்காகத் தியாகமானது என்றார். வேறு பலவும் பேசினார். செய்தியாக நின்றது இதுதான். தந்தையைப் பறிகொடுத்த மகளின் குடும்பத் துயரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பெண்ணின் இழப்பை அளக்கத் தாலியே முழக்கோல் என்பதில் இரு மேடைகளும் ஒத்துப்போயின. தாலி கட்டாத திருமணத்தையும் செல்லும் என்று 1967இல் சட்டமாக்கிய மாநிலத்திலிருந்து கேட்கும்போது இது இன்னும் உறுத்துகிறது. (தமிழ் மாணவிகளுக்கு ஒரு கூடுதல் செய்தி: புறநானூற்றில் தாலி அணிந்து வருகிறவன் பாண்டியன் நெடுஞ்செழியன். அங்கே அது குழந்தைக்குக் கட்டும் காப்பணி.)

தேர்தல் ஆணையம் பேசியவர்களை விட்டுவிட்டுக் கட்சித் தலைவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஊரைப் பற்றி எழுத இருக்கிறது. பான்ஸ்வாடா பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. வென்றவர் பாரத் ஆதிவாசி கட்சியின் ராஜ்குமார் ரோத். மங்களசூத்திரப் பேச்சுக்குக் கிடைத்த பதிலடி என்று இதைக் கொண்டாட எனக்குத் தயக்கம். காங்கிரஸ் ஆதரவு, உள்ளூர்க் கட்சித்தாவல் என்று வேறு கணக்குகளும் உண்டு. ஆனால் அதே ஜூலையில், அதே மாவட்டத்தின் மான்கட்டில் கூடிய ஆதிவாசிகள் முன்னால் ஒரு பெண் எழுந்து பேசினார். நாங்கள் குங்குமம் வைப்பதில்லை, மங்களசூத்திரம் அணிவதில்லை என்றார். ஏப்ரலில் பிரதமர் காப்பாற்றித் தருவதாகச் சொன்னது இந்தக் கழுத்துகளையும் சேர்த்துத்தான்.