தலைக்கு ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம்

2023 பிப்ரவரியில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஒரு கணக்கை வெளியிட்டது. 2014-15இல் 86,647 ரூபாயாக இருந்த தனிநபர் வருமானம் 2022-23இல் 1,72,000 ரூபாயாகிவிட்டது. எட்டே ஆண்டில் இரு மடங்கு என்று எல்லாரும் பேசினார்கள். விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் உயர்வு 35 சதவீதம்தான் என்பதும் அதே கணக்கிலேயே இருந்தது. சில வாரங்களில் ஃபோர்ப்ஸ் பட்டியல் வந்தது. 100 கோடி டாலருக்கு மேல் சொத்து வைத்திருக்கும் இந்தியர்கள் 169 பேர். ஜப்பானில் நாற்பது பேர் அளவில்தான். ஜப்பானியரின் சராசரி வருமானமோ நம்முடையதைப் போல் பத்து மடங்குக்கும் மேல்.

தனிநபர் வருமானம், செல்வந்தர் எண்ணிக்கை என்ற இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ‘ஏழை நாட்டில் இத்தனை பெரும் பணக்காரர்களா’ என்று கேட்பது மேடையிலும் பத்திரிகையிலும் வழக்கமாகிவிட்டது. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு நாம் பிடிக்கும் அளவுகோல் கோணலாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் சராசரி. எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் ஒருநாள் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கணவர் பெயின்டர், இரண்டு பிள்ளைகள். தலைக்கு 1,72,000 என்றால் நாலு பேருக்கு வருடம் 6,88,000, மாதம் 57,000 ரூபாய்க்கு மேல். அவர்கள் வீட்டுக் கணக்கைப் போட்டேன். அக்காவுக்கு மாதம் 11,000. கணவருக்கு நாள் கூலி 900, மாதம் இருபத்தைந்து நாள். பன்னிரண்டால் பெருக்கப் போனபோது அக்கா கையைக் காட்டித் தடுத்தார். “மழை மாசம் மூணு இருக்கே தம்பி, சுவத்துல பெயின்ட் நிக்காது. அதைக் கழிச்சுடுங்க.” கழித்தேன். மொத்தம் 3,34,500. நாட்டின் சராசரிக் குடும்பத்தில் பாதிகூட இல்லை. இத்தனைக்கும் இருவருக்கும் வேலை இருக்கிற வீடு அது. அதோடு, ஒன்பது மாதக் கூலியைப் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டிச் சாப்பிடும் பாடு எந்தச் சராசரியிலும் ஏறாது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. பொருளியலாளர் தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட நால்வர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் சராசரி வருமானத்தை எட்டவே ஒருவர் கிட்டத்தட்ட மேலிருக்கும் பத்து சதவீதத்துக்குள் நுழைய வேண்டும் என்கிறது. பத்தில் ஒன்பது பேர் சராசரிக்குக் கீழே! மேலே உள்ள ஒரு சதவீதத்தினர் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதத்தையும் சொத்தில் 40.1 சதவீதத்தையும் வைத்திருக்கிறார்கள். செல்வந்தர் எண்ணிக்கையைச் சராசரிக்குப் பக்கத்தில் வைப்பதன் பலம் இங்கேதான். சராசரி யாரால் உயர்ந்தது என்று அது கேட்க வைக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஒப்பீட்டை நான் தூக்கி எறிய மாட்டேன்.

ஆனால் தலை எண்ணுவது எளிதில் ஏமாற்றும். நாம் 140 கோடிப் பேர். எதை எண்ணினாலும் நிறைய வரும். ஸ்வீடனில் ஒரு கோடிப் பேருக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பில்லியனர்கள். மக்கள்தொகைக்கு வகுத்தால் அவர்கள் நம்மைவிட எங்கோ முன்னால் நிற்கிறார்கள். அதற்காக ஸ்டாக்ஹோமில் ஏழைகள் நம் ஊரைவிட மோசமாக வாழ்கிறார்கள் என்று யாராவது சொல்வார்களா? போதாததற்கு, 100 கோடி டாலர் என்ற வரம்பு 1987இல் ஃபோர்ப்ஸ் முதல் உலகப் பட்டியல் போட்ட நாளிலிருந்து மாறவே இல்லை. டாலரின் மதிப்பு தேயத் தேய, அந்த வாசலைத் தாண்டுவோர் தானாகவே கூடுகிறார்கள்.

இன்னொரு குழப்பம், வருமானத்தையும் சொத்தையும் ஒரே தராசில் நிறுப்பது. வருமானம் ஒரு வருடத்தில் வந்தது. சொத்து இதுவரை சேர்ந்தது. அந்தச் சொத்தும் பெரும்பாலும் பங்குகளின் அன்றைய விலை. 2023 ஜனவரி இறுதியில் அதானி குழுமத்தின் மேல் குற்றம் சாட்டிய ஹிண்டன்பர்க் அறிக்கை வந்த சில நாட்களில், அக்குழுமப் பங்குகளின் மதிப்பு 10,000 கோடி டாலருக்கும் மேல் சரிந்தது. அக்காவின் கூலியில் ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2025 பட்டியலில் இருக்கும் 205 பேரின் சொத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சுமார் 94,000 கோடி டாலர். தலைக்கு ஏறக்குறைய 57,000 ரூபாய், அதுவும் ஒரே ஒரு தடவை. எல்லாப் பங்கையும் ஒரே நாளில் விற்க வந்தால் அந்த விலையும் கிடைக்காது.

பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? தாதாபாய் நவ்ரோஜி வழிகாட்டியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் அவர் இந்தியரின் ஆண்டு வருமானத்தைத் தலைக்கு 20 ரூபாய் என்று கணித்தார். அந்த எண்ணை இலண்டன் பிரபுக்களின் சொத்தோடு மட்டும் அவர் ஒப்பிட்டிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அவரோ சிறைக் கைதி ஒருவருக்குச் சோற்றுக்கும் துணிக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டார். கைதிக்குச் செலவாகும் அளவுகூட வெளியே இருப்பவனுக்குக் கிடைக்கவில்லை என்று காட்டினார்.

செல்வந்தர் பக்கத்திலும் எத்தனை பேர் என்பதைவிட, எதிலிருந்து வந்தது என்பதே முக்கியம். பொருளியலாளர் ரகுராம் ராஜன் 2008இல் மும்பையில் பேசும்போது, பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் பில்லியனர் எண்ணிக்கையில் ரஷ்யாவுக்கு அடுத்து இந்தியா நிற்கிறது என்றார். நிலம், கனிமம், அரசு ஒப்பந்தம், உரிமம் ஆகியவற்றின் மேல் எழுந்த செல்வம் அதில் எவ்வளவு என்பதே அவரது கவலை. மென்பொருளோ மருந்தோ விற்றுச் சேர்த்த பணமும், கனிமச் சுரங்கத்தைச் சலுகை விலையில் வாங்கிச் சேர்த்த பணமும் பட்டியலில் ஒரே மாதிரி ஒரு பெயர்தான்.

இதையெல்லாம் கணக்கிட நம்மிடம் ஏடு இருக்கிறதா? 1957இல் வந்த சொத்து வரி 2015 பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. 2013-14இல் அதன் வசூல் சுமார் 1,000 கோடி ரூபாய்தான் என்பது அரசு சொன்ன காரணம். வசூல் சொற்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரியோடு, யாரிடம் எவ்வளவு என்று அரசே வருடந்தோறும் கேட்கும் ஒரு வழியும் போயிற்று. கடனையும் முதலீட்டையும் அறிய அரசு நடத்தும் ஆய்வுக்காக வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளர் பங்களாக் கேட்டின் வாட்ச்மேனைத் தாண்டுவது அரிது. ஆகவே ஒரு அமெரிக்கப் பத்திரிகையின் பட்டியலை வைத்துக்கொண்டு நாம் வாதாடுகிறோம். அக்காவின் வீட்டிலோ நாலு பேர் விரல்ரேகையும் ரேஷன் கணக்கில் பதிவாகியிருக்கிறது. போன மாதம் மெஷினில் அவருக்கு ரேகை விழவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல். அரிசிக்கு மூன்று தடவை நடந்தார்.