லினக்ஸில் திரையும் விசைப்பலகையும் – ஒரு மதிப்பீடு

வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் பிழையைக் கண்டறிந்து திருத்த வேண்டும் என்பது மாணவர்கள் அறிந்ததே. புதிதாக லினக்ஸ் நிறுவிய மடிக்கணினிக்கும் இது பொருந்தும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்த இயங்குதளம் விலையின்றிக் கிடைப்பது. யாவரும் திறந்து பார்க்கக் கூடியது. ஆய்வுக்கூடப் பதிவேட்டை மாணவர்கள் தமிழிலேயே எழுதட்டும் என்று எங்கள் கல்லூரியிலும் இதை நிறுவினோம். அப்போது கண்ட நிறைகுறைகளைக் கூறுவோம்.

முதலில் திரை. எங்கள் மடிக்கணினியின் மூலைவிட்டம் 14 அங்குலம்; புள்ளிகள் 1920 × 1080. பிதாகரஸ் தேற்றப்படி மூலைவிட்டத்தில் 2203 புள்ளிகள்; அதாவது அங்குலத்திற்கு 157. ஆனால் எக்ஸ் என்னும் பழைய திரையமைப்பு எந்தத் திரைக்கும் 96 என்றே வைத்துக்கொள்கிறது. எழுதும் மென்பொருளில் 10 செ.மீ. என்று காட்டிய நீளத்தை அளவுகோலால் அளந்தோம், 6.1 செ.மீ.தான் இருந்தது! எழுத்தும் அதே விகிதத்தில் சிறுக்கிறது. ‘ரி’க்கும் ‘ரீ’க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும், தன் நீள அகலம் என்ன என்பதைத் திரையே கணினிக்குத் தெரிவிக்கிறது. கிடைத்த அளவீட்டைப் புறக்கணிப்பது அறிவியல் முறையாகுமா? எழுத்தின் அடர்த்தி எண்ணை 144 ஆக்கினால் எழுத்து தெளிவாகப் பெரிதாகிறது; ஆயினும் எல்லாப் படக்குறிகளும் உடன் பெரிதாவதில்லை.

அடுத்து விசைப்பலகை. விசையை அழுத்தினால் கணினிக்குச் செல்வது ஓர் எண் மட்டுமே. அது எந்த எழுத்து என்பதை ஓர் அட்டவணை தீர்மானிக்கிறது. அவ்வட்டவணை சாதாரண உரைக்கோப்பாகவே இருக்கிறது. நாமே படிக்கலாம், மாற்றலாம். இது பாராட்டத்தக்கது. ஆனால் தமிழக அரசு 1999-இல் ஏற்ற ‘தமிழ் 99’ முறையில் 31 எழுத்து விசைகளால் 247 எழுத்துகளும் பிறக்கின்றன. ‘க’வை இருமுறை அழுத்தினால் ‘க்க’ வரவேண்டும். இதற்கு முந்தைய விசையை நினைவில் வைக்க வேண்டும். அட்டவணைக்கு அந்த நினைவு கிடையாது. எனவே ஐபஸ் போன்ற தனி மென்பொருள் தேவைப்படுகிறது. ஒரே வேலைக்கு இரண்டு இடங்களில் அமைப்பு! ஒன்றை மாற்றினால் மற்றொன்று அறியாது. போதாக்குறைக்கு, கட்டளையால் செய்த மாற்றம் கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். 2008-இல் தொடங்கப்பெற்ற வேலண்ட் என்னும் புதிய திரையமைப்பில் பழைய கட்டளைகள் பலவும் செல்லுபடியாவதில்லை.

“சார், நேற்று வந்த தமிழ் இன்றைக்கு வரவில்லை” என்றான் ஒரு மாணவன். இரண்டு நாள் முயன்றபின் பதிவேட்டை ஆங்கிலத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டான். இதுதான் நம்மை வருத்துவது. குறை தொழில்நுட்பத்தில், தோற்றதோ மாணவனின் தமிழ்.

திரை தரும் அளவைக் கொண்டே எழுத்தின் அளவை அமைக்க வேண்டும். சில புதிய பதிப்புகள் இதைத் தொடங்கியுள்ளன. தமிழ் உள்ளீடு முழுவதும் ஒரே பக்கத்தில், நிறுவும்போதே அமைய வேண்டும். அதுவரை வாசகர்கள் லினக்ஸை ஒதுக்க வேண்டியதில்லை. செய்த மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மாணவனுக்கு அது உதவும்.