ஈற்றில் நிற்கும் மரியாதை

தாய்லாந்து மொழியைக் கற்கத் தொடங்குகிறவர் எந்தப் பாடநூலைத் திறந்தாலும், எந்த ஆசிரியரிடம் சென்று அமர்ந்தாலும், முதற் பாடமாக அவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று சொற்களே: சந்திக்கும்போது சொல்ல ‘ஸவத்தீ’, நன்றி கூறக் ‘கோப் குன்’, பிழை பொறுக்க வேண்டக் ‘கோ தோத்’. இவற்றை மனனம் செய்து, ஆணாயின் ஒவ்வொன்றின் இறுதியிலும் ‘க்ரப்’ என்றும், பெண்ணாயின் ‘க’ என்றும் சேர்த்து, கைகூப்பிச் சொல்லப் பழகிவிட்டால் அந்நாட்டு மரியாதையின் வாசற்படியை மிதித்தாயிற்று என்ற நம்பிக்கை கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் ஒருங்கே உண்டாகிறது. அந்த நம்பிக்கையில் எவ்வளவு நியாயம் உண்டு, எவ்வளவு குறை உண்டு என்பதைச் சற்று நிதானமாக ஆராய விரும்புகிறேன். ஏனெனில், ஒரு ஜனசமூகத்தின் இலக்கணத்தைப் பிழைபடக் கற்றால் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அதன் உபசார மொழியைப் பிழைபடக் கற்றாலோ, அவர்கள் ஒன்றும் சொல்லாமலே மனம் ஒதுங்கிவிடக் கூடும்.

முதற் சொல்லின் பிறப்பையே எடுத்துக்கொள்வோம். ‘ஸவத்தீ’ என்பது தாய்லாந்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வாழ்த்து அன்று. சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் மொழி கற்பித்தவரும், தாய்லாந்து மொழிக்கு விரிவான இலக்கணம் வகுத்தவருமான ப்ரயா உபகித் ஸில்பஸான் என்னும் புலவர், 1930-களின் தொடக்கத்தில், ‘ஸ்வஸ்தி’ என்னும் வடசொல்லிலிருந்து இதைச் சமைத்துத் தம் மாணவர்களிடையே பழக்கத்திற்குக் கொண்டுவந்தார். அவர் 1941-இல் காலமானார். அதற்குப் பின்னர், 1943 ஜனவரி 22 அன்று, அன்றைய பிரதமர் பிபூன் ஸோங்க்ராமின் அரசாங்கம் அச்சொல்லையே நாட்டின் வந்தனச் சொல்லாக ஏற்றுக்கொண்டது. காலைக்கு ‘அருண் ஸவத்’, இரவுக்கு ‘ராத்ரீ ஸவத்’ என்று பொழுதுக்கேற்ற வாழ்த்துகளும் அந்தக் காலத்து ஆக்கங்களே. சோழர் கல்வெட்டுகளின் தலையில் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று கண்டு பழகிய நமக்கு, அதே மங்கலச் சொல் பாங்காக் வீதியில் பழம் விற்கும் பெண்மணியின் வாயிலிருந்து வரக் கேட்கும்போது பரவசம் உண்டாவது இயல்பே. ஆயினும் அந்தப் பரவசத்திலே நாம் ஓர் உண்மையை மறந்துவிடக் கூடாது: அச்சொல் வகுப்பறையில் பிறந்து அரசாணையில் வளர்ந்தது. நம்மிடையேயும் ‘நமஸ்காரம்’ என்று சொல்லிவந்த பலர் ‘வணக்கம்’ என்று சொல்லத் தலைப்பட்டதற்கு மேடைகளும் சபைகளும் காரணமாயிருந்ததை நினைத்துப் பார்த்தால், இதில் இழிவு ஏதும் இல்லையென்பது விளங்கும். ஆனால் வகுப்பறையில் பிறந்த சொல்லை மட்டும் வகுப்பறையில் கற்பவன், வீட்டு வாசலில் பிறந்த சொற்களை எங்கே கற்பான் என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

வீட்டு வாசலில் பிறந்தவையும் இன்றளவும் உயிரோடு இருக்கின்றன. ‘பை நை மா’ என்றால் ‘எங்கே போய்விட்டு வருகிறாய்’ என்பது பொருள். ‘கின் காவ் ரூ யங்’ என்றால் ‘சோறு தின்றாயிற்றா’ என்பது பொருள். அறிமுகமானவர்கள் எதிர்ப்படும்போது ‘ஸவத்தீ’க்குப் பதிலாகவோ, அதற்கு அடுத்தாற்போலவோ இவை வந்து விழும். பின்னதைத் தமிழர் ஒருவருக்கு விளக்க வேண்டியதே இல்லை. ‘சாப்பிட்டாயிற்றா’ என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குகிற ஊர் நம்முடையது. முன்னதிலோ நமக்கு ஓர் இடறல் உண்டு. வெளியே புறப்படுகிறவரை ‘எங்கே’ என்று கேட்பது சகுனத் தடையாகும் என்று நம் பாட்டிமார் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். மேனாட்டாருக்கோ, தம் சொந்த விஷயத்தில் பிறர் தலையிடுவதாக அது தோன்றும். உண்மையில் கேட்பவர் கணக்குக் கேட்கவில்லை. ‘பை தியாவ்’, அதாவது சும்மா உலாவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் புன்னகை செய்தால் அவருக்குத் திருப்தி. கேள்வியின் வடிவத்தில் வருகிற இந்த அன்பை அடையாளம் காணக் கற்பிக்காமல், ‘ஸவத்தீ’யை மட்டும் கற்பித்து அனுப்புவதை இம்முறையின் முதற் குறை என்பேன்.

இனி அதன் சிறப்பையும் ஒளியாமல் கூற வேண்டும். மனனம் செய்யக் கொடுக்கிற இந்தச் சில சொற்களுக்குள்ளே, வடமொழிப் பயிற்சியின் வாசனை சிறிதேனும் உள்ளவர்களுக்கு ஒரு பொக்கிஷமே திறக்கிறது. ‘கோப் குன்’ என்பதில் உள்ள ‘குன்’ நம் ‘குணம்’ என்பதே. செய்த நன்மைக்கு மறுமொழி என்பது போன்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது. அதே ‘குன்’ மரியாதையான முன்னிலைப் பெயராகவும், பெயருக்கு முன்னே வைக்கும் அடைமொழியாகவும் பிரயோகமாகிறது. எதிரே நிற்பவரை ‘நற்குணமே’ என்று விளிப்பதற்கு ஒப்பான அழகு அது. ‘கோ தோத்’ என்பதில் ‘கோ’ வேண்டுதல். ‘தோத்’ என்பது நம் ‘தோஷம்’. குற்றத்தையும் தண்டனையையும் ஒருசேரக் குறிக்கும் அச்சொல்லைக் கொண்டு, என் மேல் தோஷம் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்வதாக அந்த வேண்டுகோள் அமைந்திருக்கிறது. இப்படிப் பொருள் உணர்ந்து கற்கிறவனுக்கு மனனம் சுமையாவதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு: நான்கு சொற்களையாவது அந்நியன் தங்கள் மொழியில் முயன்று சொல்கிறான் என்பதைக் கண்ட மாத்திரத்தில் அம்மக்கள் முகம் மலர்வதும், மேலும் பேச இடங்கொடுப்பதும் பிரத்தியட்சம், பேச்சு வளர்வதற்கு அந்த இடமே போதும்.

ஆனால் அந்த நான்கு சொற்களும் எவ்வாறு ஒலிக்கப்படுகின்றன என்பதிலே பெரிய இடர் இருக்கிறது. தாய்லாந்து மொழியில் சமம், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம் என ஐந்து தொனிகள் உண்டு. எழுத்தொலிகள் ஒன்றேயாயினும் தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். ‘க்லை’ என்பது இறங்கி ஒலித்தால் அருகில். சமமாக ஒலித்தால் தொலைவில். ‘ஸுவை’ என்பது ஏறி ஒலித்தால் அழகு. சமமாக ஒலித்தால் அதிருஷ்டமின்மை. அழகைப் புகழ நினைத்தவர் துரதிருஷ்டத்தைச் சொல்லிவிட்டு, கேட்டவர் முகம் ஏன் சுருங்கியது என்று விளங்காமல் நிற்பது இதனால்தான். மூத்தவரை அழைக்கும் சொல்லான, நீட்டி ஒலிக்கும் ‘பி’யை இறக்கிச் சொல்ல வேண்டும், ஏற்றிச் சொன்னால் அது பேய் என்றாகும். நம் எழுத்தில் எழுதினாலும் ஆங்கில எழுத்தில் எழுதினாலும் இந்த வேற்றுமைகள் காகிதத்தில் மறைந்துபோகின்றன. நான் இங்கே எழுதியிருக்கும் வடிவங்களும் அந்தக் குறைக்கு உட்பட்டவையே. ஆகவே, அச்சிட்ட பட்டியலைப் பார்த்து உபசாரம் கற்பது, ஸ்வரக் குறிப்பு இல்லாமல் சாகித்தியத்தை மட்டும் வாசித்துக் கீர்த்தனம் பாட முயல்வதை ஒக்கும்.

இந்தத் தொனிகளின் ஆட்சியே, நான் முக்கியமென்று கருதுகிற இன்னொரு விஷயத்திற்கும் காரணமாக இருக்கிறது. தமிழில் நாம் குரலை இழைத்தும் குழைத்தும் ஒரு கட்டளையை வேண்டுகோளாக மாற்றிவிடுகிறோம்; ‘வாங்க’ என்னும் ஒரே சொல் குரலுக்கேற்ப அழைப்பாகவும் அதட்டலாகவும் ஆகிறது. மேலும் நம் வினைமுற்றே திணை, பால், எண், இடம், மரியாதை அனைத்தையும் தன்னுள் அடக்கி நிற்கிறது. தாய்லாந்து மொழியின் வினைச்சொல்லோ எந்த விகுதியும் ஏற்பதில்லை. நான் போனாலும் அவர்கள் போனாலும் வினை தன் உரு மாறாது. குரலின் ஏற்ற இறக்கமும் பெரும்பாலும் சொற்பொருளின் வேலைக்கே செலவாகிவிடுகிறது. அப்படியானால் பணிவு எங்கே போய்த் தங்கும்? வாக்கியத்தின் ஈற்றில் வந்து நிற்கும் சிறு இடைச்சொற்களில் தங்குகிறது. ‘கோ ரப்’, அதாவது ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன் என்ற தொடர் தேய்ந்து ‘க்ரப்’ ஆயிற்று என்பர். விரைந்த பேச்சில் அது இன்னும் தேய்ந்து ‘கப்’ என்றே கேட்கும். பெண்கள் சொல்லும் ‘க’ கூற்றில் இறங்கியும் வினாவில் உயர்ந்தும் ஒலிக்கும். இவ்விரண்டையும் எழுத்தில் மாற்றி எழுதிவிடுவது அந்நாட்டாரே சாதாரணமாகச் செய்யும் பிழை. இதிலே கவனிக்கத் தக்க ஒரு விசித்திரம் உண்டு: நம் மொழியின் விகுதி யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரது பாலைக் காட்டுகிறது, அவர்களது ஈற்றுச் சொல்லோ பேசுகிறவரது பாலைக் காட்டுகிறது. ஆண் ஆசிரியரிடம் கற்ற பெண் ‘க்ரப்’ என்று சொல்லிப் பழகுவதும், பெண் ஆசிரியரிடம் கற்ற ஆண் ‘க’ என்று சொல்லிப் பழகுவதும் இதனாலேயே நேர்கின்றன.

வழக்கமான முதற் பாடம் இந்த இடைச்சொல்லை வந்தனச் சொல்லுக்கு ஒட்டிய வால் போலக் கற்பிக்கிறது. அது வால் அன்று, உயிர்நிலை. தனியே நின்றால் ‘ஆம்’ என்றாகும். பிறர் பேசும்போது இடையிடையே சொன்னால் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றாகும். பெயர் சொல்லி அழைத்தால் அதுவே மறுமொழி. தொலைபேசியில் ஒருவர் ‘க்ரப், க்ரப்’ என்று அடுக்கிக்கொண்டே போவதைக் கேட்டு, எல்லாவற்றிற்கும் சம்மதித்துவிட்டார் என்று எண்ணிப் பின்னர் ஏமாறுகிற அந்நிய வியாபாரிக்கு இந்த நுட்பத்தை எந்தச் சொற்பட்டியல் சொல்லிக் கொடுத்தது? வேண்டுகோளின் பின்னே ‘நொய்’, அதாவது சிறிது என்று சேர்த்து, ‘கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்’ என்று நாம் சொல்வதைப் போலவே கேட்பதை மென்மையாக்குவதும், ‘ந’ என்று சேர்த்து இசைவு தேடுவதும் இந்த ஈற்றுக் கலையின் பிற கிளைகள். அதே வேளையில், நெருங்கிய தோழர்களிடையே ஒவ்வொரு வாக்கியத்திற்கும் ‘க்ரப்’ போடுகிறவன் மரியாதையால் வேலி கட்டுகிறவனாகவே தோன்றுவான். எங்கே அதை விட்டுவிட வேண்டும் என்பதும் கற்க வேண்டியதே.

பிறரை அழைக்கும் முறையிலோ பட்டியல்கள் முற்றும் மௌனம் சாதிக்கின்றன. ‘நான்’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் ஒவ்வொரு சொல்லைக் கொடுத்து நிறுத்திக்கொள்கின்றன. உண்மையிலோ தன்மைப் பெயர்கள் ஒரு படிக்கட்டைப் போல அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆடவர் தம்மைக் குறிக்கும் ‘போம்’ என்பதற்குத் தலைமயிர் என்று பொருள். சிறுமியர் பெரியவர்களிடம் தம்மை ‘நூ’, அதாவது எலி என்று சொல்லிக்கொள்வர். அரசரிடம் பேசுவோர் அவரை நேரே விளிக்காமல், அவருடைய பாதத் தூளியை விளிக்கும் ஒரு நீண்ட தொடரைக் கையாளுவர். அதிலுள்ள ‘துலி’யும் ‘பாத்’தும் நம் தூளியும் பாதமுமே. அன்றாட வாழ்விலோ, அறிமுகமற்றவரையும் உறவாக்கிக்கொள்ளும் வழக்கம் நம்முடையதைப் போன்றதே: பெற்றோரைவிட மூத்தவர் ‘லுங்’ அல்லது ‘பா’, தன்னைவிடச் சற்று மூத்தவர் ‘பி’, இளையவர் ‘நோங்’. ஆனால் நாம் அண்ணன், அக்கா என்று முதலில் ஆணா பெண்ணா என்று பார்க்கிறோம். அவர்கள் மூத்தவரா இளையவரா என்று மட்டுமே பார்க்கிறார்கள். அண்ணனும் ‘பி’, அக்காளும் ‘பி’. ஆகவே பேச்சைத் தொடங்கும் முன்னரே கண்ணால் வயதை மதிப்பிட வேண்டியிருக்கிறது. முதற் சந்திப்பிலேயே வயதைக் கேட்டுவிடுவதும் அங்கே அநாகரிகமாகக் கருதப்படுவதில்லை, எப்படி அழைப்பது என்று தெரிய வேண்டுமல்லவா!

இந்த அடுக்கு எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சரித்திரமே சாட்சி சொல்கிறது. வந்தனச் சொல்லை நிலைநாட்டிய அதே பிபூன் அரசாங்கம், 1942-இல் மொழிச் சீர்திருத்தம் ஒன்றைப் பிறப்பித்தபோது, தன்மைக்கு ‘சன்’, முன்னிலைக்கு ‘தான்’ என்று ஒவ்வொரு சொல்லையே யாவரும் வழங்க வேண்டும் என்று விதித்தது. 1944-இல் பிபூன் பதவியிழந்ததும் அந்தச் சீர்திருத்தம் கைவிடப்பட்டது. ஜனங்கள் தங்கள் பழைய படிக்கட்டுக்கே திரும்பிவிட்டார்கள். மேலிருந்து நட்ட ‘ஸவத்தீ’ தழைத்தது. மேலிருந்து வெட்ட நினைத்த தன்மை முன்னிலைப் பெயர்கள் வெட்டுப்படவில்லை. அந்த ஜனங்களுக்கு எது அலங்காரம், எது ஆதாரம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. நம் முதற் பாடமோ அலங்காரத்தை முன்னே வைத்து ஆதாரத்தைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்கிறது.

கைகூப்புதலைப் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. நம் செவிக்கு ‘வாய்’ என்றே கேட்கும் அச்செய்கையில், துறவியருக்குக் கட்டைவிரல்கள் புருவ மத்தியைத் தொடும்படியும், பெற்றோர் ஆசிரியர்க்கு மூக்கு நுனியைத் தொடும்படியும், ஏனையோருக்கு முகவாயைத் தொடும்படியும் கை உயரும். இளையவரே முதலில் கூப்ப வேண்டும். துறவியர் திருப்பிக் கூப்புவதில்லை. உணவு பரிமாறும் சிறுவனுக்குத் தலைக்கு மேல் கையுயர்த்திக் கும்பிடும் பிரயாணி அச்சிறுவனைக் கூசச் செய்கிறாரேயன்றிக் கௌரவிக்கவில்லை. அவன் வணங்கும்போது தலையசைத்துப் புன்னகை புரிவதே அங்கே முறை.

மனனத்தில் தொடங்கும் இந்தக் கற்பித்தல் முறைக்கு நேர் எதிரான ஒன்றும் பாங்காக்கிலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. மார்வின் பிரௌன் என்னும் அமெரிக்க மொழியறிஞர், 1984 முதல் ஒரு மொழிப் பயிற்சி நிலையத்தில், மாணவர்கள் பல நூறு மணி நேரம் வாய் திறவாமல், ஆசிரியர்கள் தமக்குள் நடிப்பதையும் உரையாடுவதையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று வகுத்தார். தொனி செவியில் படிந்த பின்னரே நாவு அசைய வேண்டும் என்ற அந்தத் தத்துவத்தில் மிகுந்த உண்மை உண்டு. ஆனால் நாளை சந்தையில் காய்கறி வாங்க வேண்டியவரைப் பல மாதங்கள் மௌனமாக இருக்கச் சொல்வது சாத்தியமா? மௌனமும் ஒரு நடத்தையே. ‘க்ரெங் ஜை’ என்று பிறர் மனம் நோகாதபடி ஒடுங்கி நடப்பதைப் போற்றும் அந்நாட்டிலும், மறுமொழியற்ற மௌனம் பணிவாகக் கொள்ளப்படுவதில்லை. ஆதலால் மனனத்தை அடியோடு தள்ளிவிட நான் சம்மதிக்க மாட்டேன். மனனம் செய்யக் கொடுக்கும் பொருளைத்தான் மாற்ற வேண்டும் என்பேன். முதல் வாரம் முழுவதும் செவியால் கேட்டு, ‘க்ரப்’ என்றும் ‘க’ என்றும் மறுமொழி சொல்ல மட்டும் பழகட்டும். அடுத்து எதிரே வருகிறவரை ‘பி’ என்பதா, ‘பா’ என்பதா, ‘நோங்’ என்பதா என்று பார்த்தறியப் பழகட்டும். ‘ஸவத்தீ’ அதற்குப் பிறகு வந்தால் போதும்.

அப்படிப் பழகியவர் ஒருவர், வெயிலில் நடந்து களைத்து, வீதியோரம் நூடுல்ஸ் வண்டி வைத்திருக்கும் முதியவளிடம் போய், ‘பா, கோ நாம் நொய் க்ரப்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: பெரியம்மா, கொஞ்சம் தண்ணீர் வேண்டும். அந்த ‘க்ரப்’புக்குச் சரியான தமிழ் கிடையாது, அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், குவளையை எடுத்துக் கழுவி நீர் ஊற்றுகிறாள், அவர் குடித்து முடிக்கும் முன்பே, எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்கிறாள்.